வண்டி பழகும் பிள்ளையிடம் ஏன் இவ்வளவு பிரீமியம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார் ஓட்டப் பழகும் இளைஞர்களுக்குக் காப்பீடு கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது என்ற புலம்பல் எல்லா வீட்டிலும் கேட்கிறது. "சின்ன வயசு, விபத்து அதிகம், அதனால் பிரீமியம் அதிகம்" என்ற பதிலும் கூடவே வந்துவிடுகிறது. அந்தப் பதிலில் பாதிதான் உண்மை.

அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எல் போர்டு மாட்டிக்கொண்டு பழகும் காலத்தில் விபத்துகள் குறைவாகவே நடக்கின்றன. உரிமம் கைக்கு வந்து, தனியாக வண்டியை எடுக்கும் முதல் சில மாதங்களில்தான் ஆபத்து எகிறுகிறது. இதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நியூசிலாந்து 1987இலேயே படிப்படியாக உரிமம் தரும் முறையைக் கொண்டுவந்து, புதிதாகத் தனியே ஓட்டுபவர்கள் இரவு 10 மணிக்கு மேல் ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்ததும் அதனால்தான். அப்படி இருக்கும்போது, அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்க 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து பழகும் பிள்ளையையும், நள்ளிரவில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு பறக்கும் பிள்ளையையும் வயது ஒன்றுதான் என்பதற்காக ஒரே தட்டில் வைத்துப் பிரீமியம் போடுவது என்ன கணக்கு?

பழகுபவருக்கென்றே தனிப் பாலிசி இருக்கும் இடங்களில் இந்தச் சிக்கல் நிறையவே தீர்ந்துவிடுகிறது. பிரிட்டனில் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் அப்படி ஒரு பாலிசி எடுக்கலாம். வண்டி அப்பாவுடையது, அவருடைய பாலிசி அப்படியே இருக்கும், பிள்ளைக்கு அதன்மேல் தனியாக ஒரு சின்னப் பாலிசி. பழகும்போது எங்காவது இடித்துவிட்டாலும், பொதுவாக அப்பா பல வருடமாகச் சேர்த்து வைத்த நோ க்ளெய்ம் போனஸுக்கு, அதாவது இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடிக்கு, சேதம் வராது. இதை விட்டுவிட்டுப் பிள்ளையின் பெயரை நேராகக் குடும்பப் பாலிசியில் சேர்த்துவிட்டு, ஆண்டு முழுவதற்கும் அதிகப் பணம் கட்டுகிறவர்கள் ஏராளம். ஒன்று மட்டும் கவனம்: இந்தப் பாலிசிகள் பெரும்பாலும் ஓட்டுநர் தேர்வில் தேறிய நிமிடத்தோடு முடிந்துவிடும். தேறிய சந்தோஷத்தில் அதே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அந்தப் பயணம் காப்பீடு இல்லாத பயணம். பிடிபட்டால் பிரிட்டனில் உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகள் விழும், முதல் 2 ஆண்டுகளுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் புது உரிமமே பறிபோய்விடும். தேர்வுக்குப் போகும் முன்பே அடுத்த பாலிசியைப் பேசி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது கூட வந்தவர் ஓட்டட்டும்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணன் மகளுக்காக விசாரித்தபோது ஒரு முகவர் போனில் சர்வசாதாரணமாகச் சொன்னார்: "அப்பா பேரைப் போட்டுடுங்க, பொண்ணை எப்பவாவது ஓட்டுறவங்கன்னு காட்டிடலாம், எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க." விண்ணப்பத்தில் இந்த வண்டியை அதிகம் ஓட்டப்போவது யார் என்று ஒரு கேள்வி இருக்கிறது. தினமும் கல்லூரிக்கு ஓட்டப்போவது அவள். அங்கே அப்பா பெயரை எழுதினால் அது பொய், அதுவும் கையெழுத்துப் போட்டுச் சொல்லும் பொய். நாங்கள் எழுதவில்லை. ஆனால் அந்தப் போனை எடுக்கும் எத்தனை பெற்றோருக்கு அதன் விளைவு தெரியும்? விபத்து நடந்த அன்றுதான் நிறுவனம் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும். யார் தினமும் ஓட்டினார், வண்டி எங்கே நிற்கும் என்று ஒவ்வொன்றாக விசாரிக்கும், சொன்னது பொய் என்று தெரிந்தால் க்ளெய்மைத் தள்ளிவிடலாம், பாலிசியையே ரத்து செய்யலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை நம்மிடமே வசூலிக்க வழக்குப் போடும் வழியும் இருக்கிறது. ஒருமுறை பாலிசி ரத்தானவர் என்ற பெயர் வந்துவிட்டால் அப்புறம் எந்த நிறுவனத்திடம் போனாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், பிரீமியமும் அதற்கேற்றபடி ஏறும்.

நேர்மையாகவே குறைக்க வழிகள் உண்டு. சின்ன எஞ்சின் உள்ள, பழுது பார்க்க அதிகம் செலவாகாத கார் என்றால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். க்ளெய்மில் முதலில் நாம் ஏற்கும் தொகையைக் கூட்டினால் பிரீமியம் இறங்கும், ஆனால் அந்தத் தொகை அவசரத்துக்குக் கையில் இருக்குமா என்று யோசித்துவிட்டுக் கூட்டுங்கள். அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு மட்டும் பணம் தரும் மூன்றாம் நபர் காப்பீடுதான் எப்போதும் மலிவு என்று நினைக்காதீர்கள், சில சமயம் நம் வண்டிக்கும் சேர்த்துத் தரும் முழுக் காப்பீடு அதைவிடக் குறைவாகவே வருகிறது, இரண்டையும் கேட்டுப் பாருங்கள். வேகத்தையும் பிரேக் போடும் விதத்தையும் பதிவு செய்யும் கருவியை வண்டியில் பொருத்தச் சம்மதித்தால், நிதானமாக ஓட்டும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. எல்லா நேரமும் கண்காணிப்பா என்ற தயக்கம் நியாயமானதுதான். எந்தத் தகவலை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இந்தியாவில் கதை வேறு. அங்கே மூன்றாம் நபர் பிரீமியத்தை எஞ்சின் அளவைப் பார்த்து அரசே நிர்ணயிக்கிறது, ஓட்டுபவரின் வயதைப் பார்ப்பதில்லை. எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) வைத்திருப்பவரும் ஓட்டலாம் என்று பாலிசியிலேயே ஒரு வரி இருக்கும், கூடவே 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆம் விதிப்படி நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். அதாவது உரிமம் உள்ளவர் ஒருவர் வண்டியைக் கட்டுப்படுத்தக்கூடிய இடத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், எல் எழுத்து முன்னும் பின்னும் இருக்க வேண்டும். "பக்கத்துத் தெருதானே" என்று தனியாக எடுத்துப் போகும் பையனுக்கு அந்த வரி துணைக்கு வராது.

வயதை வைத்துத்தான் விலை போட முடியும் என்று நிறுவனங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆண், பெண் என்று பார்த்துப் பிரீமியம் போடுவது கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011இல் தீர்ப்புச் சொன்னபோது, 2012 டிசம்பருக்குள் எல்லா நிறுவனங்களும் மாறித்தான் ஆக வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் 1988இல் மக்களே வாக்களித்து, ஓட்டிய பதிவு, ஆண்டுக்கு ஓட்டும் தூரம், எத்தனை ஆண்டு அனுபவம் ஆகியவற்றுக்கே முதலிடம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஹவாயில் வயதைப் பார்க்கவே கூடாது. அங்கெல்லாம் காப்பீட்டுத் தொழில் படுத்துவிடவில்லை.

தங்கள் நாளிதழ் காப்பீட்டு நிறுவனங்களிடம் நேராகக் கேட்டு, வரும் பதிலைப் பெயரோடு வெளியிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஒரு பிள்ளை விபத்தில்லாமல் பழகி முடித்தால், தேர்வுக்குப் பிறகான முதல் ஆண்டுப் பிரீமியத்தில் அதற்காக எவ்வளவு குறைக்கிறீர்கள்? பொய் எழுதச் சொல்லிக் கொடுக்கும் முகவர்மேல் புகார் வந்தால் என்ன நடவடிக்கை எடுக்கிறீர்கள்?

இப்படிக்கு,
தங்கள் வாசகி