பள்ளி நிலத்தின் வில்லங்கம் தீர உழைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தின்படி பள்ளி நிலத்தின் மீளுரிமையை, அதாவது நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையை, அந்நாட்டு மத்திய அரசு விட்டுக்கொடுத்துவிட்டது. பக்கத்து அரசு நிலமும் நம் பள்ளி மாவட்டத்தின் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பின்) பெயருக்கு வந்து, இரண்டு பத்திரங்களும் கவுண்டி என்னும் வட்டார நிர்வாகத்தில் பதிவாகிவிட்டன.

பள்ளிதான் நடக்கிறதே, இதற்கு ஏன் தனிச் சட்டம் என்று பலர் கேட்டார்கள். 1926-ஆம் ஆண்டின் பொழுதுபோக்கு, பொதுப்பயன் நிலச் சட்டத்தின்கீழ் வந்த நிலம் முழுச் சொந்தம் ஆகாது. கொடுத்த காரியத்தை விட்டு வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கனிம உரிமையும் அரசிடமே இருக்கும். வகுப்பு நடக்கும்வரை இது யாருக்கும் உறுத்தாது. ஒரு மூலையைக் கைபேசிக் கோபுரத்துக்கு வாடகைக்கு விடவோ, அடமானம் வைக்கவோ போனால்தான் வில்லங்கம் தெரியும்.

முதல் நன்றி கவுண்டி எழுத்தருக்கு. நிலத்தைப் பிரிவாகவும் பின்னமாகவும் எழுதுவது அங்கே வழக்கம். ஒரு பிரிவு 640 ஏக்கர். ‘தென்மேற்குக் காலின் வட பாதி’ என்றால் 80 ஏக்கர். அதையே ‘வட பாதி, தென்மேற்குக் கால்’ என்று நடுவில் காற்புள்ளி போட்டு எழுதினால் இரண்டும் தனித்தனி நிலம், 480 ஏக்கர்! மசோதா வரைவில் அந்தக் காற்புள்ளியைப் பிடித்தவர் அவர். கண்ணில் படாமல் போயிருந்தால் திருத்த இன்னொரு சட்டம் தேடியிருப்போம்.

மண்ணைத் தோண்டி, பிரிவு எண் பொறித்த பழைய பித்தளை எல்லைக்குறியைக் கண்டெடுத்த சர்வேயருக்கும், வரைபடத்தை முதலில் முடிக்கச் சொன்ன, மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியக ஊழியருக்கும் நன்றி. மசோதா, தேதியிட்ட வரைபடத்தைத்தான் சுட்டும். பரப்பு ‘சுமார்’ என்றே இருக்க வேண்டும், சிறு பிழையை அதிகாரி திருத்த வழியும் வேண்டும் என்று எழுதவைத்தவரும் அவரே.

பக்கத்து நிலத்தில் மேய்ச்சல் அனுமதி வைத்திருந்த பண்ணையாருக்குத் தனி நன்றி. அனுமதியை ரத்து செய்ய இரண்டு ஆண்டு முன்னறிவிப்பு தர வேண்டும். அவராக அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டதால் காத்திருப்பு மிச்சம்.

நம் பிரதிநிதியின் அலுவலகத்தாருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். குழு விசாரணை, செலவு மதிப்பீடு, பிரதிநிதிகள் அவையில் மூன்றில் இரு பங்கு வாக்கு, பிறகு செனட். இரண்டு ஆண்டுக்குள் முடியாத மசோதா காலாவதி, மறுபடி முதலிலிருந்து. 2019-இல் டிங்கெல் சட்டம் போல, சின்னச் சின்ன நில மசோதாக்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து நிறைவேற்றுவதும் உண்டு. அப்படி ஒரு வண்டிக்காகக் காத்திருக்க விடாமல் ஓட்டினார்கள்.

சுற்றுச்சூழல் ஆய்வாளருக்கும் நன்றி. நிலத்தில் மாசு இருக்கிறதா என்று பார்க்கும் அவரது முதல்கட்ட அறிக்கையின் முக்கியப் பகுதிகள் 180 நாளில் பழசாகிவிடும். அவசரப்பட்டு முன்பே எடுத்திருந்தால் இரட்டைச் செலவு. மசோதாப்படி அளவைச் செலவும் நம் தலையில்தானே.

இதே சிக்கலில் இருக்கும் பள்ளிகள் முதலில் தங்கள் மூலப்பத்திரத்தைப் பாருங்கள். பணியகத்தின் பழைய நிலப் பதிவேடுகள் இணையத்தில் இலவசம்.

நன்றியுடன்,
பள்ளி மாவட்ட நிலக் குழு