பிளாஸ்டிக் ஸ்ப்ரே வெடிக்காது என்று யார் சொன்னது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் பிளாஸ்டிக் ஸ்ப்ரே பாட்டில்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தகரம், அலுமினியம் டப்பாக்களின் இடத்தை இனி இவை பிடிக்கப் போகின்றன, துருப்பிடிக்காது, விழுந்தால் நசுங்காது, உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் "உலோகம் இல்லாததால் வெடிக்கும் பயமும் இல்லை" என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்ததே, அதைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்ப்ரே நிரப்பும் ஆலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். டப்பாவை வெடிக்க வைப்பது உலோகமோ பிளாஸ்டிக்கோ இல்லை, உள்ளே இருக்கும் அழுத்தம். பியூட்டேன், புரொப்பேன் மாதிரி திரவமாக்கிய கேஸ் உள்ளே இருந்தால், 20 டிகிரியில் இருக்கும் அழுத்தம் 50 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். நைட்ரஜன் அப்படி இல்லை, அதே சூட்டுக்குச் சுமார் பத்து சதவீதம்தான் கூடும். ஆகவே எந்தப் பாட்டில் என்பதைவிட அதற்குள் எந்த கேஸ் என்பதுதான் முதல் கேள்வி. கட்டுரையில் அந்தக் கேள்வியே இல்லை.

சூடு ஏறும்போது தகரம் இறுகிப் பிடித்துக்கொண்டே இருக்கும், தாங்க முடியாத நிலை வந்தால் ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டு ராக்கெட் மாதிரி பறக்கும். பிளாஸ்டிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். ஸ்ப்ரே பாட்டிலுக்கு அதிகம் பயன்படும் பெட் (PET, குளிர்பான பாட்டில் செய்யும் அதே வகை) பிளாஸ்டிக் 75 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கிறது, ஆனால் உள்ளிருந்து நாள் கணக்கில் ஒரு அழுத்தம் தள்ளிக்கொண்டே இருந்தால் அதற்கு வெகு முன்னாலேயே மெதுவாக நீளும், அகலும். அந்த மெதுவில்தான் சிக்கல்.

ஏன் என்றால், ஐ.நா.வின் சரக்குப் போக்குவரத்து விதிகளில் ஏரோசால்களுக்கு, அதாவது கேஸ் அழுத்தத்தில் பீய்ச்சும் இந்த ஸ்ப்ரேக்களுக்கு, யு.என். 1950 என்று ஒரு எண் உண்டு, அதற்கான விதிப்படி நிரப்பிய ஒவ்வொரு டப்பாவும் வழக்கமாக வெந்நீர்த் தொட்டியில் மூழ்கி எழ வேண்டும். 55 டிகிரியில் உள்ளே என்ன அழுத்தம் இருக்குமோ அதை எட்டும்வரை சூடாக்கிப் பார்ப்பார்கள், கசிந்தாலோ உருக்குலைந்தாலோ அது கழிவு. அருமையான விதி. ஆனால் பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் இளகும் என்றால் தொட்டியை 20 முதல் 30 டிகிரியிலேயே வைத்துக்கொள்ளலாம், 2000 பாட்டிலுக்கு ஒன்றை மட்டும் முழுச் சூட்டில் பார்த்தால் போதும் என்று அதே விதியே வழிவிடுகிறது. அப்படிப் பார்க்கும் பாட்டில் இளகி உருமாறினாலும் பரவாயில்லை, கசியாமல் இருந்தால் தேறிவிடும். விதி எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை, எல்லா பாட்டிலையும் சூடாக்கினால் நல்லதும் சேர்ந்து கெட்டுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் மீதி 1999 பாட்டில்களும் முதன்முதலாக அந்தச் சூட்டைப் பார்ப்பது லாரிக்குள்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருமுறை எங்கள் லோடு ஒன்று, வாரக் கடைசி விடுமுறை என்பதால் மூடிய வண்டியிலேயே வெயிலில் இரண்டு நாள் நின்றுவிட்டது. திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்தோம். எதுவும் வெடிக்கவில்லை, பெட்டியில் ஈரம்கூட இல்லை. ஆனால் ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தால் நிற்க மாட்டேன் என்கிறது, விரலால் லேசாகத் தட்டினால் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடுகிறது. அடிப்பாகம் வெளியே தள்ளியிருந்தது, நடுவில் வார்ப்புப் புள்ளியை (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த இடம்) சுற்றி முடியிழை போன்ற வெள்ளைக் கோடுகள். பிளாஸ்டிக் பாட்டிலை ஊதி உருவாக்கும்போது நன்றாக இழுபடாமல் தங்கிவிடுகிற இடம் அதுதான், விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். வால்வுக்குக் கீழே உலோகக் கிண்ணம் பாட்டில் கழுத்தோடு கவ்வியிருக்கும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவினோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கடுகளவு ஒரு குமிழ் வந்தது, நின்றது, இன்னொன்று வந்தது. உலோகம் சூட்டுக்கு விரியும் அளவு வேறு, பிளாஸ்டிக் விரியும் அளவு வேறு, இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய வளையத்தில்தான் மொத்தப் பாதுகாப்பும் தொங்குகிறது.

அந்தக் குமிழில் இருந்த கேஸுக்கு வாசனை கிடையாது. இது பலருக்குத் தெரியாது. சமையல் கேஸில் கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றப் பொருள் சேர்க்கிறார்கள், ஸ்ப்ரேயில் போடும் எல்பிஜியில் அந்த நாற்றம் இருந்தால் யார் வாங்குவார்கள், அதனால் வாசனை நீக்கியதைத்தான் பயன்படுத்துவார்கள். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும், காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். மூக்கை நம்பி எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் கேஸ் நிரப்பும் அறையில் கசிவு காட்டும் கருவியைத் தரையை ஒட்டி வைக்கச் சொல்கிறோம், ஆள் உயரத்தில் அழகாக மாட்டிவைத்தால் அது சுவருக்கு அலங்காரம், அவ்வளவுதான்.

தயாரிப்பில் இன்னொரு தலைவலி, ஸ்டாடிக். தகர டப்பா கன்வேயரில் ஓடும்போது உரசி வரும் மின்னூட்டம் உலோகம் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். பிளாஸ்டிக் அதைத் தன் மேலேயே வைத்துக்கொள்ளும். உலோகக் கிண்ணம் மட்டும் பாட்டிலின் தலையில் தனியாக, எதோடும் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறது, அதில் சேர்ந்த மின்னூட்டம் பக்கத்தில் எர்த் ஆன ஒன்றைத் தொட்டால் பொறிதான். உலோக டப்பாவுக்குப் போட்ட லைனை அப்படியே பிளாஸ்டிக்குக்குத் திருப்பிவிடுவது அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கும். இதே லைனில் கன்வேயர் வழுக்கலாக ஓடத் தெளிக்கும் சோப்புக் கரைசலையும் பார்க்க வேண்டும், காரத்தன்மை உள்ளதாக இருந்தால் அது பெட் பாட்டிலின் அடியைத்தான் முதலில் தின்னும். குளிர்பானக்காரர்கள் சூடுபட்டுக் கற்ற பாடம் இது.

அமெரிக்கப் போக்குவரத்து விதிகளில் 2எஸ் என்று பிளாஸ்டிக் ஏரோசாலுக்கென்றே ஒரு வகை இருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது ஒன்று: அதே உற்பத்தியில் மிஞ்சிய துண்டுகளை அரைத்துச் சேர்க்கலாம், மற்றபடி ஏற்கெனவே பயன்படுத்திய பிளாஸ்டிக்கைச் சேர்க்கக் கூடாது. மறுசுழற்சி என்றால் எல்லோருக்கும் நல்ல பெயர் கிடைக்கும், எனக்கும் அதில் விரோதம் இல்லை, ஆனால் எங்கிருந்து வந்தது, எத்தனை முறை உருகியது என்று தெரியாத பிளாஸ்டிக்கில் கேஸை அடைப்பதற்கு மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அளவு விஷயத்தில் உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். அந்த 2எஸ் பாட்டில் ஒரு லிட்டர் வரை போகலாம். ஐரோப்பாவின் 1975-ம் ஆண்டு ஏரோசால் உத்தரவு உலோகத்துக்கு ஒரு லிட்டர் தருகிறது, பிளாஸ்டிக்கைக் கண்ணாடியோடு சேர்த்து உட்கார வைத்துவிட்டது: உடைந்தால் சில்லாகச் சிதறாத பிளாஸ்டிக் என்றால் 220 மில்லி, சிதறும் என்றால் 150 மில்லி. ஐரோப்பிய அளவு ரொம்ப இறுக்கம் என்பார்கள் தொழிலில் இருப்பவர்கள். இருக்கலாம். ஆனால் எது சில்லாகும் எது ஆகாது என்று பிரித்துக் கேட்டார்கள் பாருங்கள், அது சரியான கேள்வி.

தீ விபத்து என்றால் பிளாஸ்டிக்குக்கு ஒரு நல்லதும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அது பறந்து போய் குடோனின் அடுத்த மூலையில் தீ வைக்காது, இளகி அங்கேயே திறந்துகொள்ளும். ஆனால் உள்ளே இருக்கும் ஆல்கஹாலோ கேஸோ அப்படியே தரையில் கொட்டி எரியும். தீயின் போக்கே வேறு, அடுக்கும் உயரமும் தண்ணீர் தெளிப்பான் அமைப்பும் வேறாக இருக்க வேண்டும். அமெரிக்கத் தீத்தடுப்பு நெறிமுறையான என்.எஃப்.பி.ஏ. 30பி பிளாஸ்டிக் ஏரோசாலை உலோக ஏரோசாலோடு சேர்க்காமல் தனியாக வகைப்படுத்தியிருப்பது இதனால்தான். குடோன்காரர் இரண்டையும் ஒரே ரேக்கில் கலந்து அடுக்கினால் அந்தப் பிரிப்புக்கு அர்த்தமே இல்லை.

லாரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மூடி இல்லாத பாட்டிலை ஏற்றாதீர்கள், பெட்டிக்குள் பாட்டில் ஆடக் கூடாது, தானாக அமுங்கிப் பீய்ச்சக் கூடாது, இவை ஏற்கெனவே விதியில் இருப்பவைதான். அதோடு நான் கேட்பது ஒன்று: லோடுக்குள் ஒரு வெப்பப் பதிவுக் கருவி. உள்ளங்கை அளவு பொருள். வழியில் 50 டிகிரியைத் தாண்டியது என்று அது சொன்னால், கசிவு இருக்கிறதா இல்லையா என்று வாதாடாமல் அந்த லோடிலிருந்து மாதிரி எடுத்து அடியையும் கழுத்தையும் பாருங்கள். கசியாதது எல்லாம் நல்ல பாட்டில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு அன்று ஆடிக்கொண்டு நின்ற அந்தப் பாட்டில் விதிப்படி தேறியதுதான், கடுகுக் குமிழ் வரும்வரை.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையோடு போட்டிருந்த படத்தில், காரின் முன்கண்ணாடிக்கு அடியில் வெயில் படும்படி ஒரு பிளாஸ்டிக் ஸ்ப்ரேயை வைத்திருந்தார்கள். பாட்டிலின் முதுகிலேயே வெயில் படாமல் வையுங்கள், 50 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள் என்று அச்சிட்டிருக்கும், வெயிலில் மூடி நிற்கும் காரில் அந்த இடம் அதைச் சுலபமாகத் தாண்டும். இணையப் பதிப்பிலாவது அந்தப் படத்தை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்