வேடந்தாங்கல் வேண்டாம், ஊர்க் கண்மாய் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பறவைகளுக்காக, வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் வெடி வெடிப்பதில்லை என்ற செய்தி ஒவ்வொரு தீபாவளிக்கும் நாளிதழ்களில் வந்துவிடுகிறது. போட வேண்டிய செய்திதான். ஆனால் அதே சிவகங்கை மாவட்டத்தில், சரணாலயம் என்று பலகை வைக்காத கண்மாய்களிலும் கொக்கும் வக்காவும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பள்ளிகளில் பறவை பார்ப்பது என்றால் வேடந்தாங்கலுக்கு ஒரு பஸ். கட்டுச்சோறு, கோபுரத்தில் ஏறி அரை மணி நேர வேடிக்கை, எல்லோரும் சேர்ந்து ஒரு செல்ஃபி. அந்தக் காசுக்கு ஓரிரண்டு பைனாகுலர் வாங்கி, பக்கத்துக் கண்மாய்க்கு மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போகலாம்.

நத்தை குத்தி நாரை ஒன்று போதும், ஒரு காலைப் பொழுது போய்விடும். அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும். "டீச்சர், அதுக்கு வாய் கோணலா?" என்பார்கள். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும் என்றால் நம்ப மாட்டார்கள். குஞ்சைத் தேட ஆரம்பிப்பார்கள். மரத்தடியில் கிடக்கும் நத்தை ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தால் பல ஓடுகள் உடையாமலே இருக்கும். உள்ளே இருந்ததை மட்டும் எப்படி உருவியது என்ற கேள்விக்குப் பாடப்புத்தகம் தேவைப்படாது.

உண்டிவில்லோடு திரியும் பையன்களை முதலில் சேருங்கள். எந்தக் கிளையில் எந்தக் கூடு என்று அவர்களுக்குத்தான் அத்துப்படி. பறவையியல் அறிஞர் சலீம் அலியே சிறுவயதில் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டுவிட்டு, அது என்ன குருவி என்று கேட்கத்தான் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார்.

பார்த்ததை எழுதி வைப்பதுதான் முக்கியம். பதினைந்து நிமிடம் நின்று, என்ன பறவை, எத்தனை என்று குறித்து பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இபேர்ட் (eBird) செயலியில் ஏற்றினால் தேதியோடும் இடத்தோடும் அது நிலைத்துவிடும். இதற்கு மார்க் உண்டா என்று பெற்றோர் கேட்பார்கள். கிடையாது. ஆனால் வேறொரு பயன் உண்டு. எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் வளர்க்கப்படும் கருவேல மரங்கள் அவ்வப்போது ஏலத்துக்கு வருகின்றன. கூடு கட்டும் மரங்களை விட்டுவையுங்கள் என்று கேட்கப் போனால், எந்த மரம், எந்த மாதம், என்ன பறவை என்று சொல்ல நம்மிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை. பிள்ளைகளின் இரண்டு மூன்று வருடப் பதிவு இருந்தால், கிராம சபையில் அதை வைத்துப் பேசலாம். ஏலத்துக்கு முன் அந்த மரங்களுக்குக் குறி போட்டு ஒதுக்கச் சொல்லலாம்.

ஆரம்பிக்க நல்ல நேரம் பொங்கல்தான். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. விடுமுறை, பிள்ளைகள் சொந்த ஊரில் இருப்பார்கள், கண்மாயிலும் பெரும்பாலும் தண்ணீர் கிடக்கும். அந்த வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில், மாணவர்கள் அனுப்பும் பறவைப் பட்டியல்களை ஊர்ப் பெயரோடு வெளியிட முடியுமா? தன் ஊர்க் கண்மாயின் பெயர் பேப்பரில் வந்திருக்கிறது என்றால் அடுத்த மாதமும் கரைக்கு வருவார்கள்.

– அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்