பக்கத்துக் கடை அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

இன்று விடியற்காலை உலையை அணைத்தோம். உலைச் சூட்டைத் தாங்கும் சென்சாருக்காக, ஒளியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழையை (ஆப்டிகல் ஃபைபர்) உள்ளே வைத்துச் சோதித்தோம். ஒன்பது நாள், 900 டிகிரி. இழை அறவில்லை. நாங்கள் பட்ட பாடு தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கே தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

முதல் நன்றி இட்லிக் கடை அக்காவுக்கு. அவர் கிரைண்டரும் எங்கள் உலையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். முன்பு மூன்று இழைகள் அறுந்ததும் மாலை ஏழு, ஏழரைக்குள்தான், அவர் மாவு அரைக்கும் நேரம். இது புரியாமல் மாதக்கணக்கில் கண்ணாடியைத் திட்டிக்கொண்டிருந்தோம்! கண்ணாடிக்கு இந்தச் சூடு பெரிதில்லை, மேலே போட்டிருக்கும் சட்டைதான் தாங்காது. சாதாரண அக்ரிலேட் பூச்சு 85 டிகிரிவரை, பாலிஇமைடு சுமார் 300, தங்கம் பூசினால்கூட 700. அதற்கு மேல் 125 மைக்ரான் இழை வெற்றுடம்போடுதான் நிற்க வேண்டும், சின்ன அதிர்வுக்கே பொட்டென்று போய்விடும்.

சோதனை முடியும்வரை கிரைண்டரை ஓட்டாமல் இருக்க முடியுமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "எத்தினி நாளு?" என்றார். ஒன்பது என்றேன். "மாவு எங்க அரைச்சா இன்னா தம்பி, இட்லி வெந்தா சரி."

ஊறிய அரிசியையும் உளுந்தையும் இரண்டு குண்டானில் எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி நாத்தனார் வீட்டுக்குத் தினமும் நடந்தார். அங்கே இருப்பது சின்ன டேபிள் டாப், நாலு ஈடு போட வேண்டும். நடுவில் ஒரு நாள் நல்ல மழை, குண்டானுக்கு மட்டும் குடை. பணம் கொடுக்கப் போனேன், முறைத்தார். மூன்றாம் நாள் உள்ளே வந்து, "வெளிச்சம் எங்கப்பா, ஒண்ணும் தெரியலையே" என்று கேட்டார். இழைக்குள் ஓடுவது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. திரையைக் காட்டினேன். இழைக்குள் வரிவரியாகப் பதித்து, ஒளியில் ஓர் அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும் அமைப்புக்குக் கிரேட்டிங் என்று பெயர். சூட்டில் அழிந்துபோன அந்தக் கிரேட்டிங், அதே சூட்டில் மெலிதாக மறுபடி முளைத்திருந்தது. "செத்துப் பொழைச்சுதா?" என்றார். எங்கள் துறையிலும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்வார்கள்.

வெல்டிங் பட்டறை அண்ணன், ராத்திரி லோ வோல்டேஜில் ஓடிவந்த லைன்மேன், இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசரை இரவல் கொடுத்த கேபிள்காரர், மோட்டார் போடாமல் பொறுத்துக்கொண்ட மாடி வீட்டார், வாடகையை இன்னும் கேட்காத ஓனர் எல்லோருக்கும் நன்றி.

மணலி, எண்ணூர்ப் பக்கத்து உலை ஏதாவது ஒன்றில் இந்தச் சென்சார் விலைபோனால், முதல் காசில் அக்கா கிரைண்டருக்கு நல்ல ரப்பர் கால். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, ஞாயிற்றுக்கிழமை உலையை எதிர்ச்சுவருக்கு நகர்த்துகிறோம். தூக்க நாலு பேர் வேண்டும், வந்துவிடுங்கள்.