கயலுக்கு, அடையாறிலிருந்து

அன்புள்ள கயல்,

ஆபீஸில் மகளிர் தினக் கோலப்போட்டியை உன் தலையில் கட்டிவிட்டு, குடிநீர் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள் என்று போனில் பொருமினாயே. அப்போது நான் சொன்ன ஆறுதல் எனக்கே ஒட்டவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் துணையாகப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு தெலுங்குக்கார அம்மா, மகனுடைய ரிப்போர்ட்டுகளை மஞ்சள் பையில் போட்டு மடியிலேயே வைத்திருந்தாள். இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இல்லையென்றால் இவள் எங்கே போயிருப்பாள் என்று தோன்றியது.

டாக்டர் தொழில் கெடுமே என்று தயங்கித்தான் அவர் 1926-ல் சட்டமன்ற நியமனத்தை ஏற்றார். துணைத் தலைவராகவும் ஆனார். அதை அலங்கார நாற்காலி என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். அவரோ தேவதாசி முறை ஒழிய வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். அவருடைய அம்மா பிறந்த சமூகத்தின் வலி அது. 1930-ல் காந்தி கைதானதும் ராஜினாமா. முழுத் தடைச் சட்டம் வந்தது 1947-ல். பதவியை விட்டு 17 வருஷம் கழித்து!

ஆஸ்பத்திரிக் கதை இன்னும் நீளம். தங்கை புற்றுநோயில் இறந்தது 1923-ல். அடிக்கல் நாட்டியது 1952-ல். அப்போது அவருக்கு 66 வயது. நடுவில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார், எத்தனை பேர் கையை விரித்திருப்பார்கள்?

பெரிய பதவி கிடைத்தாலும் ஊர் நினைவில் வைக்குமா என்ன? உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போன ருக்மிணி லட்சுமிபதி, 1946-ல் சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர். எழும்பூரில் அவர் பெயரில் சாலையே இருக்கிறது. ஆனால் ஆட்டோக்காரரிடம் மார்ஷல்ஸ் ரோடு என்றால்தான் வண்டி நகரும். நம் ஊர் லட்சணம் அது.

நீ ராஜினாமா செய்யாதே, தாயே. வீட்டுக்கடன் இருக்கிறது. கோலப்போட்டியை நீயே நடத்து. எந்தத் தெருவில் எத்தனை நாளுக்கு ஒருதரம் தண்ணீர் வருகிறது என்ற கணக்கு, அன்றைக்குக் கோலமாவோடு வரும் பெண்களிடம்தான் இருக்கும். வாயால் கேட்டுவிட்டு விடாதே. தேதி, கையெழுத்தோடு மனுவாக வாங்கி, பதிவு எண் போட்டு மேலே அனுப்பு. அப்புறம் யார் மேஜையில் தேங்குகிறது என்று பார்.

நார்த்தங்காய் ஊறுகாய் பார்சலில் வருகிறது. ஈரக் கரண்டி போடாதே.

அம்மா