சுவரை இடிக்கும் முன்

எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் பூங்காவைப் புதுப்பிக்கப்போகும் நகர மன்றத்தினருக்கு,

வணக்கம். மின்தூக்கி அருகே ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்தேன். புது ஊஞ்சலும் முதியோருக்கான உடற்பயிற்சிக் கருவிகளும் வரட்டும், நல்லதுதான். ஆனால் தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றியிருக்கும் குட்டைச் சுவர் அந்தப் படத்தில் இல்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

சுவரின் பின்பக்கம் ஒரு செங்கல் பெயர்ந்த பொந்து உண்டு. அதற்குள் கையளவு பிளாஸ்டிக் டப்பா. அது குப்பையல்ல, ஜியோகேஷ். ஒருவர் ஒளித்துவைத்துவிட்டு, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடி வந்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே பிசகவைப்பதை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நிறுத்தியது. ஓரிரு நாளிலேயே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்துவைத்தார். விளையாட்டு அங்கே தொடங்கியது.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா ஒரு ஜிபிஎஸ் கருவியோடு எங்களை அந்த மரத்தடிக்கு அழைத்துப்போனார். போனதும் எண்கள் தாவ ஆரம்பித்துவிட்டன. அடர்ந்த கிளைகளுக்குக் கீழே சிக்னல் அப்படித்தான். அப்புறம் கண்ணையும் கையையும்தான் நம்ப வேண்டியிருந்தது. மழை வருமுன் அந்த மரம் இலைகளை மூடிக்கொள்ளும் என்பதை அன்றுதான் அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். தினமும் அதனடியில் பந்து விளையாடியவன் நான்! பொந்தில் கைவிட்டது அக்கா. டப்பாவில் இருந்த கிளிஞ்சலை எடுத்துக்கொண்டு, பள்ளியில் ஜெயித்த, கொடிப்படம் போட்ட அழிரப்பரை வைத்தேன். எடுத்தால் ஈடாக ஒன்று வைக்க வேண்டும். நோட்டில் ஜப்பானிய எழுத்திலும் பெயர் இருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து எங்கள் மரத்தைத் தேடி வந்திருக்கிறார்களே என்று அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நம் சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில், லோரோங் 6 சாலையில் 1979இல் கட்டிய டிராகன் விளையாட்டு மைதானத்தை, பக்கத்து புளோக்கை இடித்தபோதும் விட்டுவைத்தார்கள். எங்கள் சுவரைப் படம்பிடிக்க யாரும் வருவதில்லை. இருந்தாலும் ஒரு பக்கமாவது நிற்கட்டும் என்று கேட்கிறேன்.

அதற்கு வழியில்லை என்றால், தேதியையாவது முன்கூட்டிச் சொல்லுங்கள். வேறொரு பூங்காவில் வேலை நடந்தபோது இப்படி ஒரு டப்பா நோட்டோடு குப்பை லாரியில் போய்விட்டது. அத்தனை வருடக் கையெழுத்துகள்! யாரும் தெரிந்து செய்ததல்ல, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. இடத்துக்கு உரியவரிடம் அனுமதி பெற வேண்டும் என்பது இந்த விளையாட்டின் விதி. முதலில் ஒளித்தவர் ஊர் மாறியபோது டப்பாவை என் பொறுப்பில் விட்டார். நான் இதுவரை உங்களிடம் கேட்கவில்லை, அது என் தவறு. இப்போது கேட்கிறேன். நோட்டு நனையாமலிருக்க மாதம் ஒருமுறை நானே போய்ப் பார்க்கிறேன். வேலை தொடங்கும் நாளைச் சொன்னால் முந்தின மாலையே எடுத்துவைத்துக்கொள்கிறேன். முடிந்ததும் எங்கே வைக்கலாம் என்று நீங்களே இடம் காட்டுங்கள்.

அன்புடன்,
மூன்றாவது மாடியில் வளர்ந்தவன்