கயலுக்கு, உன் விண்போர்க் கதைகளைப் படித்த பிறகு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய கதைகள் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டேன். அப்பா கடைக்குக் கொண்டுபோய்த் தாளில் எடுத்துக் கொடுத்தார். மொபைலில் படித்தால் எனக்கு மனதில் நிற்பதில்லை. ஓரங்களில் நிறைய எழுதி வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் 'சரிம்மா, சரிம்மா' என்று நீ வேலைக்கு ஓடிவிடுவாய், அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். டப்ளினில் ஞாயிற்றுக்கிழமையாவது உட்கார்ந்து படி.

ஒரே போரைப் பற்றி நண்பர்கள் எல்லோரும் தனித்தனிக் கதை எழுதித் தொகுப்பாக்குவது நல்ல யோசனை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம்மிடம் இருக்கும் மிகப் பழைய போர்த் தொகுப்பை நினைத்துப் பார். புறநானூற்றில் 400 பாட்டு, எத்தனையோ புலவர்கள். வென்ற அரசனைப் புகழ்பவர் இருக்கிறார். தந்தையையும் மலையையும் ஒரே மாதத்தில் இழந்த பாரியின் பெண்கள் பாடியதும் அங்கேயே இருக்கிறது. உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட்டு நெடுங்கிள்ளி உள்ளே அடைந்து கிடந்தபோது, இரண்டு பேரும் சூடியிருப்பது ஆத்திமாலைதானே, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்று கோவூர் கிழார் இருவருக்கும் சேர்த்தே சொல்கிறார். ஒரே ஆள் எழுதியிருந்தால் இத்தனை பக்கத்திலிருந்து போரைக் காட்டியிருக்க முடியாது. உங்கள் தொகுப்பிலும் நான் தேடியது அதைத்தான். பாதிக் கதைகளில் கிடைத்தது. மீதிப் பாதியில் ஒரே பைலட் பெயர் மாற்றிக்கொண்டு வருகிறான்.

போன தடவை நீ விட்டுப்போன 'மேன்-கிசின் வார்ஸ்' புத்தகங்கள் மூன்றையும் படித்தேன். லேரி நிவன் 1966-இல் எழுதிய 'தி வாரியர்ஸ்' என்ற ஒரு சிறுகதைதான் எல்லாவற்றுக்கும் விதை. தான் உண்டாக்கிய அந்தப் போரை அவர் மற்ற எழுத்தாளர்களுக்குத் திறந்துவிட, 1988-இல் முதல் தொகுப்பு வந்தது. போல் ஆண்டர்சன், டீன் இங், ஜெர்ரி பூர்னெல், ஸ்டிர்லிங் என்று ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். நீங்கள் செய்யப்போவதும் அதே வேலை என்பதால் கவனமாகப் படித்தேன்.

அந்த முதல் கதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சண்டையை மறந்துபோன மனிதர்கள் 'ஏஞ்சல்ஸ் பென்சில்' என்ற கப்பலில் போகிறார்கள். புலி மாதிரியான கிசின் இனத்தின் போர்க்கப்பல் எதிரே வருகிறது. கிசின்களிடம் மனதை வாசிக்கும் ஒருவன் இருக்கிறான். மருந்துக்கு அடிமை, நோயாளி, சொந்த இனமே மதிக்காதவன். அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது, செய்யும் வேலைதான் பெயர். மனிதர்களின் மனதைத் துழாவிப் பார்த்துவிட்டு, இவர்களிடம் ஆயுதம் இல்லை என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அந்த மனிதர்கள் மனதில் ஆயுதம் என்ற எண்ணமே இல்லை. ஆனால் கப்பலை உந்தும் ஒளிக்கற்றை பின்னால் இருக்கிறது. கப்பலைத் திருப்பி அந்தக் கற்றையை வீசியதும் எதிரிக் கப்பல் துண்டாகிறது.

இது வித்தை இல்லை, கணக்கு. ஒளி தரும் உந்தல் மிகவும் குறைவு. 1 நியூட்டன் உந்தலுக்கு 30 கோடி வாட் வேண்டும். நம்ம தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் ஒரு அலகு 210 மெகாவாட். அப்படி ஒன்றரை அலகு முழு மூச்சாக ஓடினால் கிடைப்பது, 100 கிராம் மிக்சர் பொட்டலத்தை உள்ளங்கையில் தாங்கும் விசைதான். 1000 டன் கப்பலைப் பூமி ஈர்ப்பில் நூறில் ஒரு பங்கு முடுக்கத்தில் தள்ளவே சுமார் 30 லட்சம் கோடி வாட் வேண்டும். இன்று உலகம் முழுக்க எரிக்கும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு இல்லை. அத்தனையும் ஒரே கற்றையாகப் பின்னால் போகிறது என்றால் அதன் எதிரில் யார் நிற்க முடியும்? நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகத் தெரிந்தவர்கள் கையில் ஊரை அழிக்கும் சக்தியும் இருக்கும். தெரிந்து வைத்திருக்கிறார்களா, தெரியாமல் வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. இவ்வளவு பெரிய விஷயம் கதைக்குள் எங்கேயும் பாடமாக நிற்கவில்லை, நடக்கிறது. உன் நண்பர்களுக்கு இதைக் காட்டு.

உங்கள் தொகுப்பின் இரண்டாவது கதையில் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கில் போகும் கப்பல்கள் துப்பாக்கியால் சுட்டுக்கொள்கின்றன. எழுதியவருக்கு மெதுவாகச் சொல்லு. அந்த வேகத்தில் 1 கிலோ இரும்பு எதன் மேலாவது மோதினால் சுமார் 28 மெகாடன் வெடிப்பு. ஹிரோஷிமாவில் விழுந்ததைப்போல 1800 மடங்குக்கு மேல். அங்கே துப்பாக்கிக்கு வேலையே இல்லை, வழியில் ஒரு பை ஆணியைக் கொட்டிவிட்டுப் போனால் போதும். 'மேன்-கிசின் வார்ஸ்' இரண்டாம் தொகுப்பில் பூர்னெலும் ஸ்டிர்லிங்கும் எழுதிய கதையில் பூமியின் கப்பல் அப்படித்தான் எதிரி பிடித்து வைத்திருக்கும் கோளின் மேல் இரும்பை வீசிவிட்டுப் போகிறது. கீழே இருப்பதில் பாதிக்கு மேல் நம் ஜனங்கள் என்பதுதான் அங்கே வயிற்றைப் பிசைவது.

அதே கதையில் இன்னொன்று. வுண்டர்லேண்ட் என்ற அந்தக் கோள் நம் பக்கத்து நட்சத்திரமான ஆல்ஃபா சென்டாரியில் இருக்கிறது. படையெடுப்பு நடந்தபோது தப்பிப்போன பெண் பல பத்தாண்டு கழித்து உளவு வேலைக்குத் திரும்பி வருகிறாள். பயணம் அவள் வயதைத் தின்னவில்லை, இளமையாகவே இருக்கிறாள். ஊரிலேயே தங்கியவனுக்கு வயதாகிவிட்டது. பழைய சிநேகிதர்களில் இன்னொருவன் கிசின்களுக்குக் கீழே போலீஸ் அதிகாரி. மூன்று பேரும் மறுபடி சந்திக்கிறார்கள். அந்தப் போலீஸ் அதிகாரியைத் துரோகி என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகவில்லை. ஆக்கிரமிப்பில் நாற்பது வருஷம் சோறு தின்று பிள்ளை வளர்த்தவர்கள் எல்லோருமே ஏதோ ஓரிடத்தில் தலையாட்டித்தான் இருப்பார்கள். உங்கள் தொகுப்பில் தலையாட்டியவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் காட்டுக்குள் போய்த் துப்பாக்கி எடுக்கிறார்கள். அதை நான் நம்பவில்லை.

டீன் இங் எழுதிய கதையையும் நீ மறுபடி எடுத்துப் படி. கிசின் பெண்களுக்குப் பேச்சும் புத்தியும் இல்லை என்றுதான் அந்த உலகத்தில் ஆரம்பத்தில் வருகிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது. டீன் இங் அந்த இடத்திலேயே கைவைக்கிறார். பழங்காலத்துக் கிசின் பெண்களை உயிரோடு கொண்டுவந்து நிறுத்துகிறார், அவர்களுக்கு நல்ல அறிவு இருக்கிறது. பிற்காலத்துப் பெண்கள் பிறவியிலேயே அப்படி இல்லை, தலைமுறை தலைமுறையாக அறிவைக் கழித்துக் கழித்து வளர்க்கப்பட்டவர்கள் என்று தெரிகிறது. ஒருவர் விட்ட ஓட்டையை அடுத்தவர் கதையாக்கலாம் என்பது இப்படிப் பலர் சேர்ந்து எழுதுவதில் கிடைக்கும் பெரிய லாபம். உங்கள் எதிரிகளுக்கு இன்னும் குழந்தை இல்லை, கிழவி இல்லை, சமையல் இல்லை. யாராவது ஒருவர் அந்தப் பக்கம் போய் எழுதட்டும்.

நிவனின் கதையில் எனக்கு ஒப்பாத இடமும் உண்டு. சமாதானமாக வாழப் பழகியவர்கள் ஏமாளிகள், நல்லவேளை பழைய கொலைக்குணம் அடியில் மிச்சம் இருந்தது என்ற எண்ணம் அதற்குள் ஓடுகிறது. 1966 என்றால் வியட்நாமில் அமெரிக்கப் படை பெருகிக்கொண்டிருந்த சமயம். அந்தப் போருக்கே போய் 1968-இல் காயப்பட்டுத் திரும்பிய ஜோ ஹால்டமன், சில ஆண்டு கழித்து 'தி ஃபாரெவர் வார்' எழுதினார். அதிலும் நட்சத்திரங்களுக்கு இடையில்தான் போர். முடிவில் அந்தப் போரே ஒரு தப்பபிப்பிராயத்தில் தொடங்கியது என்று தெரிகிறது. வீடு திரும்புகிறவனுக்குச் சில ஆண்டு, பூமிக்கோ பல பத்தாண்டு. பிறந்த ஊரே அவனுக்கு அந்நியமாகிறது. உங்கள் போர் எதனால் தொடங்கியது என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறது. கதைக்குக் கதை வேறு காரணம் வருகிறது. அது குழப்பமாக இல்லாமல், ஒவ்வொரு ஊரும் நம்பும் ஒரு காரணமாக இருந்தால் நன்றாக இருக்கும். அப்படியென்றால் அதை நீங்கள் தெரிந்தே செய்ய வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உங்கள் மூன்றாவது கதையில் ஆல்ஃபா சென்டாரியில் இருக்கும் தளபதி பூமியோடு பேசுகிறார், உடனே பதில் வருகிறது. இதை மட்டும் விடாதே. தூரம் 4.37 ஒளியாண்டு. அங்கே போர் மூண்ட சேதி இங்கே வர நாலரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. 'உதவி அனுப்புகிறோம்' என்ற பதில் அங்கே சேரும்போது எட்டே முக்கால் வருஷம் ஆகியிருக்கும். கப்பல் பத்தில் ஒன்பது பங்கு வேகத்தில் வந்தால், ஊரில் இருப்பவர்களுக்கு அது கிட்டத்தட்ட 5 வருஷப் பயணம், உள்ளே இருக்கும் சிப்பாய்க்கு இரண்டு வருஷம் சொச்சம். படை வரும் சேதிக்கும் படைக்கும் நடுவே அரை வருஷம்தான் இடைவெளி. நிவனின் உலகத்தில் ஒளியைவிட வேகமாகப் போகும் எந்திரத்தை மனிதர்கள் ஒரு வணிக இனத்திடம் விலைக்கு வாங்குகிறார்கள், அதுதான் முதல் போரையே முடிக்கிறது. உங்களுக்கு அந்த எந்திரம் வேண்டாம். இந்தத் தாமதம்தான் உங்கள் சொத்து.

நான் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவள். சேதி தாமதமானால் என்ன ஆகும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சாவுத் தந்திக்கு முன்னால் 'எக்ஸ் எக்ஸ்' என்று போட்டு வரும், மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு அதை முதலில் அனுப்புவோம். ஒரு வீட்டில் சாவு விழுந்தது அந்த வீட்டுக்குத் தெரியும் முன் எங்களுக்குத் தெரியும். டெலிவரிக்குப் போகிற பையன் தெருவில் நுழையும்போது அந்த வீட்டம்மா வாசலில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்துக்குள் அவள் பிள்ளை இறந்தும் இருக்கிறான், இறக்கவும் இல்லை.

அதை நாலு வருஷமாக நீட்டிப் பார். சரித்திரத்திலும் நடந்திருக்கிறது. பிரிட்டனும் அமெரிக்காவும் 1814 டிசம்பர் 24-இல் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் கெண்ட் (Ghent) நகரில் சமாதானத்தில் கையெழுத்துப் போட்டன. சேதி கப்பலில் கடல் தாண்டும் முன் 1815 ஜனவரி 8-இல் நியூ ஆர்லியன்ஸில் சண்டை நடந்து ஆட்கள் செத்தார்கள். 1858-இல் அட்லாண்டிக்கில் முதல் தந்திக் கம்பி போட்டார்கள், சில வாரத்தில் செத்துப்போனது. அதற்குள் லண்டனிலிருந்து போன ஒரு சேதி, இந்தியாவில் கிளர்ச்சி என்று கனடாவிலிருந்து கிளம்ப இருந்த இரண்டு ரெஜிமென்ட்டுகளை நிறுத்தியது. வேண்டாத கப்பல் செலவு மட்டும் 50,000 பவுண்டு மிச்சம் என்றார்கள். உங்கள் போரில் அந்தக் கம்பி கிடையாது. கிளம்பிய படையைத் திருப்பிக் கூப்பிட முடியாது. சமாதானம் ஆன பிறகும் வருஷக்கணக்கில் செத்துக்கொண்டே இருப்பார்கள்.

அதனால் எல்லோரும் மறுபடி எழுதும் முன் ஒரு அட்டவணை போடுங்கள். எந்த ஊருக்கு எந்த ஆண்டில் என்ன தெரியும் என்று மட்டும் அதில் இருக்கட்டும். ஆல்ஃபா சென்டாரிக்கு 4.37, சிரியஸுக்கு 8.6, டௌ சீட்டிக்குச் சுமார் 12 ஒளியாண்டு. பூமியிலிருந்து இவ்வளவுதான், இந்த ஊர்களுக்குள் இருக்கும் தூரத்தை நீ தனியாகக் கணக்குப் போட வேண்டும். ஒரு கதையில் ஜெயித்துக் கொண்டாடுபவர்கள் அடுத்த கதையில் ஏற்கெனவே தோற்றுப்போனவர்களாக இருக்கலாம். யாருக்கும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லோரும் தப்பாக நம்பிக்கொண்டிருப்பார்கள்.

உன் கதை நன்றாக இருக்கிறது, அதில் வரும் நர்ஸை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அது இந்தத் தொகுப்பின் முதல் கதை இல்லை, கடைசிக்கு முந்தியதாக வை. முதல் கதை இன்னும் எழுதப்படவில்லை என்று நினைக்கிறேன். சேதி வாங்கும் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பற்றி ஒன்று வேண்டும், அதை நீதான் எழுத வேண்டும். மோர்ஸ், இரவு ஷிஃப்ட், லைன் கெட்டுப்போனால் என்ன செய்வோம், படிக்கக்கூடாததைப் படித்துவிட்டு எப்படி முகத்தை வைத்துக்கொள்வோம் என்று என்ன வேண்டுமானாலும் கேள், நிறைய எழுதி அனுப்புகிறேன். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறார்கள், அவர்களிடமும் கேட்டு வைக்கிறேன்.

ஓரத்தில் எழுதிய பக்கங்களை அப்பா போட்டோ எடுத்து இன்று ராத்திரி அனுப்புவார். ஐந்தாவது கதையில் என் கையெழுத்து புரியாவிட்டால் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா